காற்று எந்தப் பக்கம்? முதன்முறை பறக்கப் போகிறவர்களுக்கு

கேரளத்து வர்கலாவில் பறக்கப் போவதாக என் சித்தி மகள் சொன்னதும், "பாராசூட்லயா மக்ளே?" என்று அம்மா கேட்டார். "ஆமா பெரியம்மா" என்று அவளும் தலையாட்டிவிட்டாள். நாகர்கோவிலில் மட்டுமில்லை, எங்கேயும் அப்படித்தான். துணியை விரித்துக்கொண்டு ஓர் ஆள் வானத்தில் தெரிந்தால் அது பாராசூட். ஆனால் அவள் ஏறப் போவது பாராசூட் இல்லை, பாராகிளைடர். இரண்டும் காற்றை நம்பும் விதம் வேறு. ஆபத்து வரும் வழியும் வேறு. அன்று இரவு சாப்பிட்டு முடித்து அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பாராசூட்டின் முதல் வேலை, விழுகிற வேகத்தைக் குறைப்பது. பாராகிளைடர் ஓர் இறக்கை. மலையிலிருந்தோ மேட்டிலிருந்தோ ஓடிக் கிளம்பி, அதைத் திருப்பி, விரும்பிய இடத்தில் இறங்கலாம். பாராசெய்லிங் என்பது பட்டம். படகோ ஜீப்போ நூலைப் பிடித்து இழுக்கிறது, பட்டத்தின் கீழே நீங்கள் தொங்குகிறீர்கள். பாராமோட்டார் என்பது பாராகிளைடரேதான். முதுகில் ஒரு பெட்ரோல் எஞ்சினும் அதில் சுழலும் விசிறியும் கூடுதலாக இருக்கும். மலை வேண்டாம், சமதரையிலிருந்தே எழும்பலாம்.

ஸ்கை டைவிங், ராட்சத பலூன் இரண்டும் தனிக் கதை. முதலாவதற்கு விமானம் வேண்டும், பொதுவாகப் பத்தாயிரம் அடி உயரத்திலிருந்து குதிக்க வேண்டும். பலூனுக்கு விடிகாலையின் அசையாத காற்று வேண்டும். அதனால்தான் 2015 முதல் தமிழ்நாட்டு பலூன் திருவிழா பொங்கலை ஒட்டிப் பொள்ளாச்சிப் பக்கம் நடந்துவருகிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் காற்றுக்கு நெருக்கமானவை பாராகிளைடர், பாராசெய்லிங், பாராமோட்டார் மூன்றும்தான்.

சரி, ஒரு துணி எப்படி இறக்கையாகிறது? வீட்டில் ஒரு தலையணை உறையை எடுத்து, அதன் வாயை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு மொட்டை மாடியில் ஓடிப் பாருங்கள். உறை உப்பி விறைத்து நிற்கும். பாராகிளைடர் என்பது அப்படிப் பல உறைகளை வரிசையாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்தது போன்ற ஒன்று. மேலே ஓர் அடுக்கு நைலான், கீழே ஓர் அடுக்கு, நடுவில் குறுக்குச் சுவர்கள். முன் விளிம்பில் வாய்கள் திறந்திருக்கும், பின் விளிம்பு தைத்து மூடியிருக்கும். முன்னே நகர்ந்துகொண்டிருக்கும்வரை காற்று உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். அப்படிப் புகுந்துகொண்டிருக்கும்வரை துணிக்கு விமான இறக்கையின் வடிவம் இருக்கும். உள்ளே கம்பியும் இல்லை, மூங்கிலும் இல்லை (சில மாடல்களில் முன் விளிம்பில் மெல்லிய பிளாஸ்டிக் நரம்பு இருக்கும்). ஒருவர் மட்டும் பறக்கும் இறக்கை ஐந்து கிலோ வாக்கில்தான் இருக்கும். சுருட்டிப் பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம்.

அந்த வடிவம் காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது, அதனால் இறக்கை மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. பறப்பவர் சுமார் ஏழு மீட்டர் கீழே தொங்குவதால், ஊஞ்சல் மாதிரி எப்போதும் நடுவுக்கே திரும்பி வந்து சேருவார். இரண்டு கையிலும் இரண்டு கைப்பிடிகள் இருக்கும், பிரேக் என்பார்கள். வலது கைப்பிடியை இழுத்தால் இறக்கையின் வலப்பக்கப் பின்விளிம்பு கீழே மடங்கும், அந்தப் பக்கம் வேகம் குறையும், இறக்கை வலப்பக்கம் திரும்பும். இரண்டையும் சேர்த்து மெல்ல இழுத்தால் வேகம் குறையும். அளவுக்கு மீறி இழுத்தால் இறக்கை நின்றுபோகும், நின்றுபோன இறக்கை விழும். பறக்கக் கற்பதில் முக்கால்வாசி, அந்தக் கைப்பிடியை எவ்வளவு இழுப்பது, எப்போது விடுவது என்று கைக்குப் பழக்குவதுதான்.

இன்னொன்றையும் மனத்தில் பதிக்க வேண்டும். பாராகிளைடர் எப்போதும் இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. கடலுக்குள் நிற்கும் திருவள்ளுவர் சிலையை எடுத்துக்கொள்வோம். பீடத்தோடு சேர்த்து 133 அடி, அதாவது சுமார் 40 மீட்டர். கற்பவர்கள் பயன்படுத்தும் சாதாரண இறக்கை ஒரு மீட்டர் இறங்குவதற்குள் எட்டு மீட்டர் முன்னே போகும். அசையாத காற்றில் அந்த உயரத்திலிருந்து கிளம்பினால் 320 மீட்டர் போய் அரை நிமிடத்துக்குச் சற்று மேலேயே தரையைத் தொட்டுவிடும். அப்படியானால் மணிக்கணக்கில் பறக்கிறார்களே, எப்படி? மேலே ஏறும் எஸ்கலேட்டரில் ஒருவர் கீழ்நோக்கி மெதுவாக இறங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார். எஸ்கலேட்டர் அதைவிட வேகமாக ஏறுவதால் அவர் மேலே போகிறார். மேலே ஏறும் காற்றைத் தேடிப்பிடித்து அதற்குள்ளேயே இருப்பதுதான் பாராகிளைடிங்.

மேலேறும் காற்றைக் கண்ணால் பார்க்க மருந்துவாழ்மலைக்குப் போக வேண்டும். அனுமன் தூக்கிக்கொண்டு பறந்த சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்று ஊரில் சொல்லும் அதே மலைதான். பொற்றையடிப் பக்கத்திலிருந்து ஏறி, பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்து பருந்துகளைப் பாருங்கள். மேற்கிலிருந்து காற்று அடிக்கும் நாளில் ஒரு செம்பருந்து மலைச்சரிவின் முன்னால், உங்கள் கண்மட்டத்திலேயே நிற்கும். இறக்கையை ஒரு தடவைகூட அடிக்காது. இறக்கை நுனியின் இறகுகள் மட்டும் விரல்போல விரிந்து மெல்ல நெளியும், வால் சற்றே இந்தப் பக்கம், சற்றே அந்தப் பக்கம் முறுக்கும். சமவெளியில் ஓடி வந்த காற்றுக்கு முன்னால் மலை நிற்கிறது. வேறு வழியில்லாமல் காற்று சரிவோடு மேலே ஏறுகிறது. பருந்து அந்த ஏற்றத்தில் நிற்கிறது. வர்கலாவின் செம்மண் குன்றுகளில் பறப்பவர்கள் செய்வதும் இதையேதான். கடலிலிருந்து வரும் காற்று குன்றின் சுவரில் மோதி மேலேறும், அவர்கள் அதன்மேல் முன்னும் பின்னும் போய் வருவார்கள். நம் முட்டத்துப் பாறைமேட்டில் நின்று கீழே எட்டிப் பார்க்கும்போது சட்டை மேல்நோக்கி உப்புகிறதே, அதுவும் அந்தக் காற்றுதான்.

வெயிலில் சூடான நிலத்திலிருந்து குமிழிகளாக எழும் காற்று இன்னொரு வகை. அதில் வட்டமடித்து மிக உயரம் போகலாம், ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குத் தாண்டலாம். ஹிமாசலத்தின் பீர் பில்லிங்கில் 2015-ல் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி நடந்தது அப்படிப்பட்ட காற்றை நம்பித்தான். முதல்முறை போகிறவர்களுக்கு அது வேண்டாம். கடற்கரையில் வரும் சீரான காற்றே போதும்.

பருந்து நிற்பது மலையின் முன்பக்கம் என்றேன். பின்பக்கம் போகவே கூடாது. ஆற்றில் பெரிய பாறையைத் தாண்டியதும் தண்ணீர் எப்படிச் சுழல்கிறது என்று திற்பரப்புக்கு மேலே கோதையாற்றில் பார்த்திருப்பீர்கள். காற்றும் மலையைத் தாண்டியதும் அப்படியே உருண்டு சுழலும். தண்ணீரின் சுழல் கண்ணுக்குத் தெரியும், காற்றின் சுழல் தெரியாது. துணி இறக்கை அதற்குள் நுழைந்தால் ஒரு பக்கம் சட்டென்று மடிந்துவிடும். கட்டடத்தின் பின்பக்கம், தென்னந்தோப்பின் பின்பக்கம் எல்லாமே இதே கணக்குதான்.

இனி ஆரல்வாய்மொழிக்கு வருவோம். நம் மாவட்டத்தில் பறப்பது பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சொல்லும் பெயர் அதுதான், "அங்கதான் காத்து இருக்கே" என்று. இருக்கிறதுதான். மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே கணவாயாகத் திறக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்த இடைவெளியில் நெருக்கிப் புகுகிறது. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் சீறிப் பாயுமே, அதுபோல. முப்பந்தலில் இந்தியாவின் மிகப் பெரிய காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று வந்ததும் அதனால்தான்.

காற்றாலைக்கு நல்ல காற்று நமக்கும் நல்ல காற்றா? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு காற்றாலை வினாடிக்கு மூன்று நான்கு மீட்டர் காற்றில் மின்சாரம் தர ஆரம்பிக்கும். முழு மின்சாரம் தர வினாடிக்குச் சுமார் 12 மீட்டர் வேண்டும், அதாவது மணிக்கு 43 கிலோமீட்டர். பாராகிளைடர் காற்றுக்குள் நகரும் சாதாரண வேகம் மணிக்கு 35 முதல் 40 கிலோமீட்டர்தான். காற்றாலை முழு வேலை செய்யும் நேரத்தில் காற்றை எதிர்த்து நிற்கும் பாராகிளைடர் முன்னே போகாது, பின்னால் போகும். பின்னால் இருப்பது அந்தச் சுழல். இன்னொன்று, காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது துணியை இழுக்கும் விசை நான்கு மடங்காகும். பத்து கிலோமீட்டர் காற்றில் ஒரு கையால் அடக்கிய இறக்கை, இருபது கிலோமீட்டர் காற்றில் ஆளையே தரையோடு இழுத்துப் போகும். புதியவர்கள் கிளம்பும் காற்று மணிக்கு 20 கிலோமீட்டருக்குள் இருப்பது நல்லது. காற்றாலைகள் நின்று நின்று சோம்பலாகச் சுற்றும் நாள்தான் பறப்பவருக்கு நாள். ஆரல்வாய்மொழி பஸ் நிறுத்தத்தில் ஆடி மாதம் குடை விரித்தவர்களுக்கு நான் சொல்லாமலே புரியும்.

கன்னியாகுமரியின் இன்னொரு தனிக் குணம், அது முனை என்பது. சென்னையிலோ கோவாவிலோ கடல் ஒரே பக்கம். "கடல்காற்று" என்றால் அங்கே திசை தெரிந்துவிடும். இங்கே முட்டம் தென்மேற்கைப் பார்க்கிறது, வட்டக்கோட்டை கிழக்குப் பக்கம். இரண்டுக்கும் நடுவில் சாலை வழியே ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும் நாளில், முட்டத்தில் அது கடலிலிருந்து கரைக்கு வருகிறது. அதே காற்று, அதே நேரத்தில், வட்டக்கோட்டையில் கரையிலிருந்து கடலுக்குப் போகிறது. முதல் இடத்தில் ஏதாவது தவறினால் காற்று உங்களைக் கரைப் பக்கம் கொண்டுவரும். இரண்டாவது இடத்தில் கடலுக்குள் கொண்டுபோகும். கரையிலிருந்து பார்த்தால் அந்தக் கடல் குளம் மாதிரி அமைதியாகத் தெரியும். காற்று முதுகுக்குப் பின்னாலிருந்து வருவதால் அலை எழும்பாது. பாராசெய்லிங்குக்கு ஆள் சேர்ப்பவர், "பாருங்க, கடல் எவ்வளவு அமைதியா இருக்கு" என்று சொன்னால் நீங்கள் பார்க்க வேண்டியது கடலை இல்லை.

கட்டுமரத்தில் பாய் கட்டிப் போன காலத்தில் நம் கடற்கரைக்காரர்கள் இந்தக் கணக்கில்தான் பிழைத்தார்கள். பகலில் நிலம் சீக்கிரம் சூடாகிறது, அதன்மேல் உள்ள காற்று எழுகிறது, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வருகிறது. இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் காற்று திரும்பிக் கடலுக்குப் போகிறது. விடியுமுன் கரைக்காற்றில் பாய் விரித்துப் போய், நண்பகலுக்குப் பின் கடல்காற்றில் திரும்பி வந்தார்கள். இப்போது வள்ளத்தில் எஞ்சின் வந்துவிட்டது, கண் மட்டும் மாறவில்லை. முட்டத்தில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம் நான் செல்போனில் காற்றின் வேகம் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் தலையை நிமிர்த்தாமல், "வள்ளத்துக் கொடியப் பாரு மக்ளே, காத்து திரும்பியாச்சு" என்றார். கொடி திரும்பியிருந்தது. போனில் இன்னும் பழைய திசை.

2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் வந்ததை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. அப்படிப்பட்ட கண்கள் உள்ளவர்களையே வாரிக்கொண்டு போன காற்று அது. அதனால் வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கை இருக்கும் நாளில், வெயில் அடித்தாலும் சரி, பறக்கக் கூடாது. கடல்மேல் பறப்பவர்கள் இன்னொரு எச்சரிக்கையையும் பார்க்க வேண்டும்: கள்ளக்கடல். தொலைதூரத்துப் புயல் கிளப்பிய அலைகள், இங்கே காற்றே இல்லாத நாளில் திடீரென்று கரையேறும். ஐதராபாத்தில் உள்ள, கடல்நிலையைக் கணித்துச் சொல்லும் இன்காய்ஸ் நிறுவனம் அதற்கு முன்னறிவிப்பு தருகிறது. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது அப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த நாட்களில்தான். பறந்துவிட்டு இறங்கும் இடம் அந்தக் கரையாகவே இருக்கும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

நல்ல காலம் எது? இரண்டு மழைக்காலமும் ஓய்ந்த பிறகு, ஜனவரி முதல் மார்ச் வரை, மாலை நான்கு மணிக்கு மேல் சூரியன் சாய்வதற்குள். கடல்காற்றின் உச்ச வேகம் அப்போது அடங்கிச் சீராகியிருக்கும். ஹிமாசலப் பிரதேசத்தில் ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை மழைக்காலத்தில் பாராகிளைடிங்குக்குத் தடையே உண்டு. நம் பக்கத்திலும் ஆனி, ஆடியில் "இன்னிக்கு மட்டும் காத்து கம்மி" என்று யாராவது அழைத்தால் போகாதீர்கள்.

பாராசெய்லிங் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்று. சில வருடங்களுக்கு முன் வெளியூர்க் கடற்கரை ஒன்றில் ஆசையாகப் போனேன். வரிசை நீளமாக இருந்தது. எனக்கு முன்னால் போனவர் இறங்கியதும், ஈரம் சொட்டச் சொட்ட அதே ஹார்னெஸை, அதாவது ஆளைத் துணியோடு பிணைக்கும் பட்டைகளை, என் தோளில் மாட்டினார்கள். எடை கேட்கவில்லை. நெஞ்சுப் பட்டை, இடது தொடைப் பட்டை மாட்டியாயிற்று. வலது தொடைப் பட்டை முழங்காலுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது, படகு கிளம்பும் சத்தம் கேட்கிறது. கத்தி நிறுத்தினேன். "அது ஒண்ணும் ஆகாது சார்" என்றார் அந்தப் பையன். ஆகும். ஹார்னெஸில் ஆளைத் தாங்குவது தொடைப் பட்டைகள்தான், நெஞ்சுப் பட்டை இல்லை. தொடைப் பட்டை இல்லாமல் எழும்பினால் உடல் கீழே நழுவி அக்குளில் தொங்கும், அப்புறம் கையின் பலம்தான். அன்றிலிருந்து எதில் ஏறினாலும் நானே குனிந்து மூன்று கிளிப்பையும் தொட்டு, இழுத்து, 'டக்' சத்தம் கேட்ட பிறகுதான் காலெடுப்பேன்.

பாராசெய்லிங்கில் பறப்பவர் கையில் எதுவும் இல்லை. முழுப் பொறுப்பும் படகோட்டியிடமும் கயிற்றிடமும் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் பிரான்சில் உருவான இந்த வகைத் துணியில், காற்று வெளியேறப் பின்பக்கம் துவாரங்கள் உண்டு. இழுவை நின்றால் அது மெதுவாகத்தான் இறங்கும், தண்ணீரில் இறங்கினால் லைஃப் ஜாக்கெட் தாங்கும். ஆபத்து இழுவை நிற்பதில் இல்லை; பலமான காற்றில் கயிறு அறுவதில் இருக்கிறது. அறுந்த பட்டம் எங்கே போகும் என்று நமக்குத் தெரியும். ஆகவே கயிற்றைப் பாருங்கள். உப்புத் தண்ணீரிலும் வெயிலிலும் கிடந்து நரைத்து, நூல் பிரிந்து பஞ்சு பஞ்சாக நிற்கும் கயிறு என்றால் பணத்தை மறந்துவிட்டு வந்துவிடலாம்.

டேண்டம் பாராகிளைடிங்கில், அதாவது பயிற்றுநரோடு சேர்ந்து பறப்பதில், நீங்கள் முன்னால், அவர் பின்னால். உங்கள் வேலை ஒன்றே ஒன்று: ஓடுவது. அவர் "ஓடு" என்றால் ஓட வேண்டும், கால் தரையை விட்ட பிறகும் இரண்டு அடி ஓடுவது நல்லது. பாதி பேர் தரை இருக்கும்போதே உட்கார்ந்துவிடுகிறார்கள், விழுவது அப்போதுதான். அவரிடம் இரண்டு மூன்று கேள்வி தயங்காமல் கேளுங்கள். எத்தனை வருடமாக இதே இடத்தில் டேண்டம் பறக்கிறார்? இந்த இறக்கையின் எடை வரம்பு என்ன? ரிசர்வ் பாராசூட், அதாவது அவசரத்துக்கு வைத்திருக்கும் பாராசூட், எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது பிரித்து மடித்தார்கள்? ரிசர்வ் விரிய உயரம் வேண்டும், தாழ்வான குன்றுமேல் பறக்கும்போது அதற்கு நேரம் கிடைக்காமல் போகலாம். அதனால் "ரிசர்வ் இருக்கு, பயமே இல்ல" என்று மட்டும் பதில் வந்தால் அது போதாது. கடலோரம் என்றால் லைஃப் ஜாக்கெட்டும் கேளுங்கள். உட்காரும் ஹார்னெஸின் முதுகில் உள்ள பஞ்சு தண்ணீரில் மிதந்து முகத்தைக் கவிழ்த்துவிடும். மேலே கயிறுகள் வேறு சிக்கும்.

இறங்கும் இடத்தைக் கிளம்புமுன் நடந்து போய்ப் பாருங்கள். 2023 மார்ச்சில் வர்கலா பாபநாசம் கடற்கரையில் ஒரு பாராகிளைடர் உயரமான விளக்குக் கம்பத்தில் சிக்கி, பயிற்றுநரும் அவரோடு பறந்த பெண்ணும் நெடுநேரம் அந்தரத்தில் தொங்கினார்கள். இருவரையும் உயிரோடு மீட்டார்கள். நம் மாவட்டத்தில் அப்படி ஒரு திறந்த இடம் கிடைப்பதே கடினம். தென்னை, ரப்பர், வாழை, வீடு, வீட்டுக்கு மேலே மின்கம்பி. பாராமோட்டார் வைத்திருப்பவர்களுக்குச் சமதரை போதும் என்றாலும், நினைத்த இடத்தில் கிளப்பிவிட முடியாது. எல்லையைத் தாண்டியதும் கூடங்குளம் அணுமின் நிலையமும் மகேந்திரகிரி இஸ்ரோ வளாகமும் இருக்கின்றன. இப்படிப்பட்ட இடங்களைச் சுற்றிப் பறக்கக் கட்டுப்பாடு உண்டு. மாவட்ட நிர்வாகத்திடமும் காவல் துறையிடமும் கேட்காமல் யாராவது ஏற்றிவிட்டால் ஏறாதீர்கள்.

சித்தி மகள் பிப்ரவரியில் போனாள். முதல் நாள் காற்று அதிகம் என்று பயிற்றுநரே நிறுத்திவிட்டார். அவளுக்கு ஏமாற்றம், எனக்கு அந்த ஆள்மேல் நம்பிக்கை வந்தது அப்போதுதான். மறுநாள் மாலை நாலரை மணிக்குக் கிளம்பிப் பன்னிரண்டு நிமிடம் பறந்தாள். அனுப்பிய வீடியோவில் காற்றின் இரைச்சல்தான் அதிகம். ஒரு இடத்தில் பழுப்பு நிறத்தில் ஏதோ குறுக்கே போகிறது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். பருந்து, அவர்களைவிடக் கொஞ்சம் மேலே, அதே காற்றில்.